இரும்பும் வெறுங்காலும்

ஓர் உயிரைக் காப்பது நன்று என்பதை மறுப்பார் எவருமிலர். அறநூல்கள் தம்முள் எத்துணை மாறுபட்டாலும் இந்த ஓரிடத்தில் ஒன்றுபட்டே நிற்கின்றன. ஆயின், ஆபத்து நிறைந்த ஒரு பாதையில் சிலரை மட்டும் பத்திரமாக ஏற்றிச் செல்லும் ஏற்பாடு ஒன்று இருந்து, அதே பாதையை நாளும் நடந்து கடக்க வேண்டிய ஏனையோர் அந்த ஆபத்தின் நடுவே விடப்படுவார்களாயின், அந்த ஏற்பாட்டை அறம் என்று சொல்லத் தகுமா? இக்கேள்வியை வெறும் தருக்கப் பயிற்சியாக எழுப்புவதில் எமக்கு விருப்பமில்லை. வவுனியாவிலிருந்து வடக்கே கிளிநொச்சி வரையும் கிழக்கே முல்லைத்தீவுக் கடல் வரையும் விரிந்து கிடக்கும் வன்னிப் பெருநிலப்பரப்பில், போர்க்காலம் முழுவதும் ஓடித் திரிந்த ஒரு வாகனம் இக்கேள்வியை எம் முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அதன் பெயர் பஃபெல். தென்னாபிரிக்க வெள்ளையரின் ஆபிரிக்கான்ஸ் மொழியில் எருமை என்று பொருள். எம் மக்களின் நாவில் அது 'பவள்' என்றாயிற்று. பவளத்துக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. மொழிக்கு இப்படியும் சில விளையாட்டுகள் உண்டு.

1970களின் பிற்பகுதியில் தென்னாபிரிக்கப் படைக்கென்று உருவான இவ்வாகனம் யூனிமொக் என்னும் ஜெர்மானிய லொறியின் அடிச்சட்டத்தின்மீது கட்டப்பட்டது. அதன் சிறப்பு முழுவதும் வயிற்றில் இருக்கிறது. சாதாரண லொறியின் அடிப்பாகம் தட்டையானது. பஃபெலின் அடிப்பாகமோ தோணியின் அடிபோல இரு பக்கமும் சரிந்து வந்து நடுவிலே கூராக முடிவது. மண்ணினுள் புதைத்த கண்ணிவெடி வெடிக்கும்போது அதன் வேகம் மேல்நோக்கிப் பாய்கிறது. தட்டையான தகடு அந்த அடியை முழுவதுமாக வாங்கிக்கொள்ளும். உள்ளே இருப்போரின் கால் எலும்பும் முதுகெலும்பும் நொறுங்கும். சரிந்த தகடு அந்த வேகத்தைப் பிளந்து இரு மருங்கும் ஒதுக்கிவிடும். வண்டி நிலத்திலிருந்து உயர்ந்து நிற்பதனால் வெடிக்கும் தகட்டுக்கும் இடையே தூரமும் கிடைக்கிறது. சக்கரம் பறந்துபோகும், போகட்டும் என்பதே பொறியியலாளரின் கணக்கு. டயர்களினுள் நீரை நிரப்பி வெடியின் வெப்பத்தை அதில் கரைக்கும் உபாயமும் உண்டு. படையினர் பத்துப்பேர் முதுகோடு முதுகு சேர்த்து வெளிப்புறம் நோக்கி, தம்மை இருக்கையோடு வார்ப்பட்டையால் பிணித்துக்கொண்டு அமர்ந்திருப்பர். வண்டி தூக்கி எறியப்பட்டாலும் அவர்கள் எறியப்படாதிருத்தற் பொருட்டே இந்தப் பிணிப்பு.

கூரிய மூளைகள் சிந்தித்துச் செய்த பொருள் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தச் சமுதாயம் அந்த மூளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். கண்ணிவெடி தாங்கும் வாகனங்களின் பிறப்பிடம் 1970களின் ரொடீசியா. சிறுபான்மை வெள்ளையரின் ஆட்சியை எதிர்த்து எழுந்த கறுப்பின விடுதலைப் படைகள் மண் வீதிகளில் கண்ணிவெடி புதைத்தன. வெள்ளைப் பண்ணையாரின் மோட்டார் வண்டிக்கும் படையினரின் லொறிக்கும் முதலில் மணல்மூட்டை, பின்னர் இரும்புத் தகடு, அதன் பின்னர் சரிந்த வயிறு என்று கவசம் வளர்ந்தது. அதே மண் வீதியில் கறுப்பின நாட்டுப்புறத்தாரை ஏற்றிக்கொண்டு ஓடிய பஸ்வண்டிக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. கண்ணிவெடி அதனையும் பிளந்தது. தென்னாபிரிக்கா இந்த அனுபவத்தைத் தன்னுடையதாக்கி, நமீபியாவின் எல்லைப் போருக்கென்று பஃபெலையும் கஸ்பிரையும் படைத்தது. சிறிது காலத்தில் கஸ்பிர் கறுப்பின மக்களின் நகர்ப்புறச் சேரிகளிலே பொலிசாரை ஏற்றிக்கொண்டு திரியலாயிற்று. அந்தத் தெருக்களில் கண்ணிவெடி ஏதும் இல்லை. கல்லெறியும் சிறுவர்களே இருந்தார்கள்.

1977இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, தென்னாபிரிக்காவுக்கு எவரும் ஆயுதம் கொடுக்கலாகாது எனத் தன் 418ஆம் இலக்கத் தீர்மானத்தால் தடைவிதித்தது. 1984 டிசம்பரில் 558ஆம் இலக்கத் தீர்மானம், அந்நாட்டில் செய்யப்பட்ட ஆயுதங்களையும் இராணுவ வாகனங்களையும் எந்த நாடும் வாங்காதிருக்கும்படி கேட்டுக்கொண்டது. நிறவெறி ஆட்சியின் அந்த வாகனங்கள் இலங்கைக்கு வந்து இறங்கியதும் அந்த 1980களின் நடுப்பகுதியிலேதான். அணிசேராக் கொள்கையை மேடைதோறும் முழங்கிய நாடு இது என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர் இலங்கை இராணுவத்தின் மின், இயந்திரப் பொறியியல் படையணி அதே அமைப்பைப் பின்பற்றி யூனிகோர்ன் என்றும், அதற்கும் பின்னர் யூனிபஃபெல் என்றும் உள்நாட்டிலேயே வாகனங்களைக் கட்டத் தொடங்கிற்று.

இவ்வாறு வாங்கவும் கட்டவும் நேர்ந்த காரணம் எல்லோரும் அறிந்ததே. 1983 ஜூலை 23ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இராணுவ வாகனத் தொடர் ஒன்று கண்ணிவெடித் தாக்குதலுக்கு உள்ளாகிப் படையினர் 13 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து கொழும்பிலும் தென்னிலங்கையிலும் தமிழர் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவ்வாறு கொல்லப்பட்டவர்கள் அந்தக் கண்ணிவெடியைப் புதைத்தவர்கள் அல்லர். ஒரு வெடியின் வேகம் புதைத்தவனையும் இலக்கானவனையும் விட்டு, அருகில் நின்றவன்மேல் பாய்வதை இந்தத் தீவு அந்த வாரத்திலேயே கண்டுவிட்டது.

இவ்விடத்தில் நேர்மையான ஒரு மறுப்பை நாம் சந்திக்க வேண்டியிருக்கிறது. பஃபெலின் உள்ளே அமர்ந்திருந்தவன் யார்? மொனராகலையிலோ அநுராதபுரத்திலோ மழையை நம்பிப் பயிர்செய்த ஏழைக் குடியானவனின் மகன். வேலை கிடைக்காமையால் படையிற் சேர்ந்தவன். அவன் கால்கள் முழுதாக வீடு திரும்பியதற்காக ஒரு தாய் போதிமரத்தடியில் விளக்கேற்றினாள் என்றால், அந்த விளக்கை ஊதி அணைக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? உரிமை இல்லை என்பதே எமது விடை. அந்த இரும்புத் தகடு காத்த உயிர்கள் மெய்யான உயிர்கள். போரை வெறுக்கிறோம் என்பதற்காகப் போர்வீரனின் கால் துண்டாவதை விரும்புகிறவன் மனிதாபிமானி அல்லன்.

ஆகவே கவசம் செய்தது தவறு என்று நாம் வாதிடவில்லை. நாம் கேட்பது வேறு. கவசம் பயணியைக் காக்கிறது, பாதையைக் காப்பதில்லை. வாகனம் கடந்துபோன பின்னரும் வெடிக்காத கண்ணிகள் வீதியோரத்தில் அப்படியே கிடக்கின்றன. ஊர்க் கிணற்றின் நீர் கெட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செல்வர் தம் வீட்டில் வடிகட்டியைப் பொருத்திக்கொள்கிறார், அது குற்றமன்று. ஆனால் ஊரின் சொல் கேட்கப்படும் மனிதர் அவர் ஒருவரே. அவர் வீட்டில் நல்ல நீர் வரத் தொடங்கிய நாளிலிருந்து, கிணற்றை இறைத்துத் துப்புரவாக்க வேண்டும் என்ற அவசரம் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. பாதுகாப்பும் ஒரு சொத்து. அது தனியுடைமையாகும்போது பொதுவுடைமையான பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவோர் அருகிப்போகிறார்கள்.

வன்னியின் வீதிகளில் இது எவ்வாறு நடந்தது? 1997 மே மாதம் தொடங்கிய 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கை, வவுனியாவையும் கிளிநொச்சியையும் இணைக்கும் கண்டி வீதியைத் திறப்பதற்கென்று நடத்தப்பட்டது. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று ஊர் ஊராகப் போர்முனை நகர்ந்தது. நகர்ந்த ஒவ்வோரிடத்திலும் இரு தரப்பினரும் தத்தம் அரணுக்கு முன்னால் மிதிவெடிகளைப் புதைத்தார்கள். இராணுவம் புதைத்தவற்றுள் பாகிஸ்தானில் செய்யப்பட்ட பி-4 என்னும் சிறிய பிளாஸ்டிக் மிதிவெடி பெருந்தொகையானது. அதனுள் இருக்கும் வெடிமருந்து ஏறக்குறைய 30 கிராம். ஒரு பாதத்தைச் சிதைக்க அவ்வளவு போதும். விடுதலைப் புலிகள் 'ஜொனி' என்ற பெயரில் மரப்பெட்டி மிதிவெடிகளைத் தாமே செய்தார்கள். இவ்விரு வகைகளும் கவச வாகனத்தைப் பொறுத்தவரை கொசுக்கடி. இவற்றின் இலக்கு கால். விறகு பொறுக்கச் சென்றவளின் காலும், மாடு தேடிச் சென்ற சிறுவனின் காலும் இதனுள் அடக்கம்.

இரும்பு தடித்தபோது வெடியும் பருத்தது. நிலத்தடிக் கண்ணிக்கு அடிவயிறு தாங்கும் என்று ஆனபின் வீதியோரத்து மரத்தில் கட்டும் கிளைமோர் பெருகிற்று. வெடிக்கும்போது நூற்றுக்கணக்கான உருக்குக் குண்டுகளை ஒரு பக்கமாக விசிறி எறிவது அது. கவசம்தான் கிளைமோரைப் பெற்றெடுத்தது என்று நாம் சொல்லவில்லை. அது முன்னரே உலகில் இருந்த கருவி. ஆனால் வீதியில் போவனவற்றுள் தகடு இல்லாதது எது என்று தேடும் போருக்கு அது மிகவும் பொருத்தமாக வாய்த்தது. 2006 ஜூன் 15ஆம் நாள், வவுனியாவின் எல்லைக்கு அப்பால் கெப்பிட்டிகொல்லாவையில், சிங்களக் கிராமத்தவர் நிறைந்த பஸ்வண்டி ஒன்று கிளைமோரில் சிக்கி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2008 ஜனவரி 29ஆம் நாள், மடுப் பிரதேசத்துத் தட்சணாமடுவில், தமிழ் மாணவர்களை ஏற்றிவந்த பஸ்வண்டி அதே வகையில் சிதைந்தது; இறந்தோரிற் பெரும்பாலோர் பாடசாலைப் பிள்ளைகள். அதே ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், மல்லாவிப் பக்கத்தில், வடகிழக்கு மனித உரிமைச் செயலகத்தின் தலைவராயிருந்த கருணாரத்தினம் அடிகளார் தம் வாகனத்தில் வந்துகொண்டிருக்கையில் கிளைமோருக்குப் பலியானார். குற்றஞ்சாட்டப்பட்ட தரப்புகள் தம் பொறுப்பை மறுத்தன. அந்த மறுப்புகளைத் தராசில் நிறுப்பது இங்கு எம் வேலையன்று. இந்த மூன்று வாகனங்களுக்கும் பொதுவான ஒன்றை மட்டும் குறிப்போம்: அவை மெல்லிய தகரத்தாலானவை.

போரின் அறத்தைப் பற்றி எழுதிய அமெரிக்க அறிஞர் மைக்கேல் வால்சர் 1977இல் வெளியிட்ட நூலில், குடிமக்களுக்கு ஊறு நேராவண்ணம் பார்த்துக்கொள்ளுதல் என்பது வெறும் நல்லெண்ணம் அன்று, அதற்காகப் போர்வீரன் தன்மீது ஓரளவு ஆபத்தை ஏற்கவும் வேண்டும் என்று வாதிட்டார். ஆயுதம் ஏந்தியவனே ஆபத்தின் பங்கைக் கூடுதலாகச் சுமக்கவேண்டும் என்பது இதன் பொருள். எம் தமிழ் மரபிலும் இதன் சாயல் இல்லாமலில்லை. புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் நெட்டிமையார், பாண்டியன் முதுகுடுமியைப் பாடுகையில், அம்பு விடுமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையோரும் பிள்ளைப்பேறற்றோரும் அரண் தேடிக்கொள்க என அவன் அறிவித்ததைப் புகழ்கிறார். தமிழர் போர் அறத்துக்குச் சான்றாக மேடைகளிலே ஓயாது எடுத்துக்காட்டப்படும் பாட்டு அது. ஆனால் அந்தப் பட்டியலில் உழவனைத் தேடிப்பாருங்கள், அவன் இல்லை. அதே புலவர் அதே அரசனைப் பாடிய பதினைந்தாம் பாட்டையும் மாணவர்கள் படிக்கவேண்டும். பகைவர் நாட்டு விளைவயல்களிலே அவன் தேரை ஓட்டியதும், அவர்கள் அரண்களை இடித்துக் கழுதை பூட்டி உழுததும் அங்கே புகழாகவே பாடப்படுகின்றன. விளைந்த வயலில் தேர் ஓடும்போது தேரில் இருப்பவனுக்கு ஒன்றும் நேர்வதில்லை. வயல் யாருடையதோ அவன்தான் அடுத்த பருவத்தில் பட்டினி கிடக்கிறான்.

கவசம் ஒரு தரப்பாரின் ஏகபோகமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1991 ஜூலையில் ஆனையிறவு முகாமைத் தாக்கியபோது புலிகள், நிலத்தைச் சமன்செய்யும் புல்டோசருக்கு இரும்புத் தகடு போர்த்திப் போர்க்களத்தில் இறக்கினார்கள். அதன்மீது தாவி ஏறிக் குண்டெறிந்து மாண்ட சிப்பாய் காமினி குலரத்ன, தென்னிலங்கையில் வீரனாகப் போற்றப்படுகிறார். அந்தப் புல்டோசர் இன்று கண்டி வீதியோரத்தில் நினைவுச்சின்னமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. உல்லாசப் பயணிகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். குளங்கட்டவும் வரம்பு கட்டவும் உதவியிருக்கவேண்டிய இயந்திரம் அது. அதன் சோகம் இதுவே என்று எமக்குப் படுகிறது.

உலகின் பெரிய வல்லரசு இதே பாதையில் சென்றதை விரைவாகப் பார்த்துவிடலாம். ஈராக்கின் வீதிகளில் தன் படையினர் சிதறுவதைக் கண்ட அமெரிக்கா 2007 முதல் இவ்வகை வாகனங்களை அவசர அவசரமாகக் கட்டிற்று. 27,000க்கு மேற்பட்ட வாகனங்கள். செலவு நாலாயிரத்து ஐந்நூறு கோடி டாலருக்குக் குறையாது. போர் முனையிலிருந்து திரும்பியவற்றுட் சில அமெரிக்க நகரங்களின் பொலிசாருக்குக் கையளிக்கப்பட்டன. கஸ்பிர் நடந்த வழியே இவையும் நடந்தன. ஈராக்கியனின் சந்தைத் தெருவுக்குக் கவசம் எதையும் எவரும் கட்டவில்லை.

அமைதி காக்கும் படை என்ற பெயரில் இதே வாகனம் செல்லும்போது அறக் கணக்கு மாறுமா? சிறிது மாறுகிறது என்றே நினைக்கிறோம். 2013 முதல் 2023 வரை மாலி நாட்டில் இயங்கிய ஐக்கிய நாடுகள் படை, அச்சபையின் வரலாற்றிலே மிகுந்த உயிர்ச்சேதம் கண்ட படைகளுள் ஒன்று. 2019 ஜனவரியில் வீதியோர வெடியொன்றில் இலங்கைப் படையினர் இருவர் அங்கே உயிர்நீத்தனர். பின்னர் இலங்கையில் கட்டிய யூனிபஃபெல் வாகனங்கள் மாலிக்குக் கப்பலேறின. வன்னியின் வீதிகளில் கற்ற பாடம் சகாராவின் விளிம்பிலே பயன்பட்டது. பிறநாட்டு மக்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுசெல்லும் வண்டித் தொடருக்குக் காவலாய்ப் போகிறவன் பாதுகாப்போடு போகவேண்டும் என்பதில் எமக்கு ஆட்சேபணை இல்லை. ஆயினும் அங்கேயும் காவல்படை வெளியேறிய மறுநாள் அதே வீதியில் ஆட்டுமந்தையோடு நடக்கிறவனின் நிலை என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இரும்பு வந்தவர்களோடு வந்தது. போகும்போது அவர்களோடு போய்விட்டது.

போர் நடக்கையில் பாதையைத் துப்புரவாக்க முடியாது. ஆகவே பயணியைக் காப்பதே அப்போதைக்குச் செய்யத்தக்கது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். ஒப்புக்கொள்வோம். ஆனால் 2009 மே மாதத்தோடு இந்த விடை காலாவதியாகிவிட்டது. வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்த மக்கள் படிப்படியாக ஊர் திரும்பியபோது, அவர்களுக்கு முன்னால் இருந்தது மிதிவெடி விதைத்த மண். அந்த மண்ணைத் துப்புரவாக்கியவர் யார்?

இராணுவத்தின் பிரிவொன்றும் அதில் ஈடுபட்டது. இந்தியாவிலிருந்து சில குழுக்களும் வந்தன. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ் போன்ற தொண்டு நிறுவனங்கள் பெரும்பகுதியைத் தோளிலேற்றின. இவற்றின் பணியாளர்கள் அந்த ஊர்களின் ஆண்களும் பெண்களுமே. பெண்களுட் பலர் கணவரை இழந்தவர்கள். காணாமலாக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டே குடும்பத்தின் தலைமையைச் சுமப்பவர்கள். கிளிநொச்சி மாவட்டத்தின் வடவிளிம்பில் உள்ள முகமாலை, இரு தரப்பு அரண்களும் ஆண்டுக்கணக்கில் முகத்துக்கு முகம் நின்ற இடம். உலகில் மிதிவெடி மிகச் செறிவாகப் புதைந்த நிலங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. அங்கே ஒரு பெண் தலையில் முகமூடும் கண்ணாடிக் கவசமும், மார்பின்மேல் தடித்த அங்கியும் அணிந்து வெயிலில் மண்டியிடுகிறாள். அந்த அங்கி முன்புறத்தை மட்டும் மறைப்பது. முதுகுக்கு ஒன்றும் இல்லை. பி-4 மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு. மண்ணிலோ எறிகணைச் சிதறல் எங்கும் நிறைந்திருக்கிறது. கருவி ஓயாது ஒலிக்கும். ஆதலால் சிறு சிறு வாரிகளால் மண்ணை மெல்ல மெல்ல முன்னாலிருந்து இழுத்து இழுத்துப் பார்க்கவேண்டும். ஒருவர் ஒரு நாளில் முடிப்பது சில சதுர மீட்டர் நிலம்.

பஃபெலின் உள்ளே இருந்தவன் ஆபத்தைக் கடந்து போனான். இவள் ஆபத்தை அங்கிருந்து எடுத்துவிடுகிறாள். அவனுக்குக் கிடைத்த பாதுகாப்பு அவனோடு முடிந்தது. இவள் துப்புரவாக்கிய ஒரு சாண் நிலத்தில் இனி எவரும் நடக்கலாம். பகைவனும் நடக்கலாம், பகைவனின் பேரனும் நடக்கலாம். எனினும் இரும்புக்குப் பணம் கண்ட அரசின் வரவுசெலவுத் திட்டம் இவளுடைய கூலிக்கு அந்நிய நாடுகளின் நன்கொடையையே பெரிதும் நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை எத்துணை மெலிந்த நூல் என்பதை 2025 ஜனவரி காட்டிற்று. அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியைத் திடீரென இடைநிறுத்தியபோது உலகின் பல பாகங்களில் கண்ணிவெடி அகற்றுவோர் வேலையை விட்டு எழவேண்டி நேர்ந்தது.

சட்டத்தின் பக்கம் ஒரு முன்னேற்றம் உண்டு. 1997இல் உருவான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. நாடு முழுவதையும் 2028க்குள் துப்புரவாக்கி முடிப்பது அதன்படி ஏற்ற கடப்பாடு. ஆனால் அந்த உடன்படிக்கை தடைசெய்வது மனிதரின் அடிக்கு வெடிக்கும் கண்ணியை மட்டுமே. வாகனத்தின் பாரத்துக்கு வெடிப்பதை அது தொடவில்லை. அரசுகள் பேரம் பேசிய மேசையில் அந்தக் கண்ணி 'இராணுவ இலக்கை' நோக்கியது என்று கொள்ளப்பட்டது. கண்ணிக்கு இராணுவம் இன்னதென்று தெரியாது. அதற்குத் தெரிவது பாரம் ஒன்றே. நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்தின் பாரமும் அதற்குப் போதும்.

இரும்பின்மேல் எமக்குப் பகை இல்லை என்பதற்கு இன்னொரு சான்று சொல்வோம். நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் கஸ்பிர் வாகனங்களையே மொசாம்பிக்கின் வீதிகளில் கண்ணிவெடி தேடுவதற்குப் பயன்படுத்தினார்கள். முகமாலையிலும் தடித்த தகடும் கண்ணாடியும் பொருத்திய மண்ணள்ளும் இயந்திரங்கள், மிதிவெடி செறிந்த மண்ணை அள்ளிப் பரப்பிச் சலிக்கின்றன. பனைவேர் பின்னிக் கிடக்கும் மண்ணரணின் ஓரத்துக்கு வந்ததும் இயந்திரம் நின்றுவிடுகிறது. அங்கிருந்து மண்டியிட்டவர்களின் வேலை தொடங்குகிறது. அவ்வாறு கையளிக்கப்பட்ட காணிகளில் பளைப் பகுதி மக்கள் வேலி அடைத்து, பாழடைந்த கிணற்றை இறைத்து, தென்னம்பிள்ளை நட்டு வருகிறார்கள்.